தொட்டியில் நின்ற தண்ணீர்

எங்கள் நாற்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் என் மனைவி சாப்பிடாமல் படுத்துக்கொண்ட இரவுகள் மொத்தம் மூன்றுதான். முதல் இரண்டுக்கும் நான் காரணம். மூன்றாவதற்குக் காரணம் அமெரிக்காவில், நியூஜெர்ஸியில், என் மகள் வீட்டுச் சமையலறையில் இருந்த ஒரு யந்திரம்.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தொட்டி இரட்டைத் தொட்டி. எவர்சில்வரில் பளபளவென்று இருக்கும். இரண்டில் ஒரு தொட்டியின் வாய்க்கு அடியில், வெளியே தெரியாதபடி, சிறு குடம் அளவுக்கு ஒரு மோட்டார் தொங்குகிறது. தட்டில் மிஞ்சியதைத் தொட்டியின் துவாரத்துக்குள் தள்ளி, குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் 'கர்ர்' என்று சுற்றும். அரைத்துக் கூழாக்கி அனுப்பிவிடும். எங்கே அனுப்புகிறது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு 'டிஸ்போஸல்' என்று பெயர். என் மனைவி 'ஆட்டுக்கல்' என்று பெயர் வைத்தாள். வந்த பத்து நாளைக்குள் அவளுக்கு அதன் பேரில் ஒரு தனிப் பிரியமே ஏற்பட்டுவிட்டது. குனிந்து குப்பை கூட்டி அள்ளிய கைக்கு அது சொர்க்கமாகத்தானே இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேருக்கு விருந்து. முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்குக் கறி, ஒரு பெரிய அடுக்கு நிறையச் சாதம். விருந்தினர் போன பிறகு, மகளுக்கு வேலை வைக்கக் கூடாது என்று என் மனைவி தானே பற்றுப் பாத்திரங்களைப் போட்டுக்கொண்டாள். மிஞ்சின சாதம், உருளைக்கிழங்குத் தோல், முருங்கைச் சக்கை எல்லாம் ஆட்டுக்கல்லுக்குள் போயின. யந்திரம் நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் தண்ணீர் இறங்கவில்லை. சற்று நேரத்தில், யாருமே ஒன்றும் கொட்டாத பக்கத்துத் தொட்டியில், அடியிலிருந்து 'குளுக் குளுக்' என்று பழுப்புத் தண்ணீர் மேலே வந்தது. சாம்பார் வாசனையோடு.

"மெஷினைக் கெடுத்துட்டேங்க" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

மகள் ஓடி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லைம்மா, விடு" என்றாள். மகள் வாயிலிருந்து வரும் 'பரவாயில்லை'க்கு ஒரு தாய் எத்தனை அர்த்தம் கற்பித்துக்கொள்வாள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதிலும் மாப்பிள்ளை வீட்டுச் சாமான். தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

எனக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. தெரிந்த தொழில் ஒன்றுதான்: ஒரு சங்கதி என்றால் அதன் பூர்வோத்தரம் என்ன என்று விசாரிப்பது. எல்லாரும் தூங்கிய பிறகு, அந்த யந்திரத்தின் கதையை உட்கார்ந்து படித்தேன். இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. என் மனைவி குற்றவாளிதானா என்று பார்க்கப் போனவனுக்குக் கிடைத்தது ஒரு நூற்றாண்டு வழக்கு.

1927-ஆம் வருஷம், விஸ்கான்ஸின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக் கரையில் உள்ள ரசீன் என்ற ஊரில், ஜான் ஹாம்மஸ் என்ற கட்டடக் கலைஞர் தம் வீட்டுப் பட்டறையில் இந்த யந்திரத்தைச் செய்து பார்த்தார். மனைவியின் சமையலறைச் சிரமத்தைக் குறைக்கவே செய்தார் என்று சொல்வார்கள். மனைவிக்காக யந்திரம் செய்கிறவர்களும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள் என்பதை நான் என் மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை. 1933-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டு, 1935-இல் பெற்று, 1938-இல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். முதல் வருஷம் விற்றவை 52 யந்திரங்களாம். கம்பெனிக்கு 'இன்-சிங்க்-எரேட்டர்' என்று பெயர் வைத்தார். குப்பையை எரிக்கும் உலைக்கு ஆங்கிலத்தில் 'இன்சினரேட்டர்' என்று பெயரல்லவா? தொட்டிக்குள்ளேயே உலை என்று ஒரு சிலேடை. ஆனால் எரிப்பதற்கும் அரைப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எரித்தால் சாமான் சாம்பலாகிவிடும். அரைத்தால் சாமான் அப்படியே இருக்கும், உருவம்தான் மாறும். அந்தச் சிலேடை இந்த வித்தியாசத்தைச் சாமர்த்தியமாக மறைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

யந்திரத்துக்குள்ளே கத்தி இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே வீடு வைத்திருக்கிறவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்களாம். கத்தி கிடையாது. அடியில் ஒரு தட்டு வேகமாகச் சுற்றுகிறது. அதன்மேல் இரண்டு மொட்டை உலோகத் துண்டுகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே விழுந்த பண்டத்தை அவை சுற்றும் வேகத்தில் விளிம்புக்கு வீசி அடிக்கின்றன. விளிம்பைச் சுற்றி அசையாத ஒரு வளையம், தேங்காய்த் துருவி மாதிரிப் பற்களோடு. அதில் உராய்ந்து உராய்ந்து பண்டம் பொடியாகிறது. பொடியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. ஆகவே என் மனைவி வைத்த பெயர் சற்றுப் பிசகு. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும். இங்கே மாவு சுற்றுகிறது.

இந்த வேலைப் பங்கீட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும். யந்திரத்தின் வேலை அரைப்பதோடு முடிந்துவிடுகிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பது தண்ணீரும் குழாயும். விற்றவர்கள் யந்திரத்தை விற்றார்களே தவிர, குழாயை விற்கவில்லை. குழாய் ஏற்கெனவே அங்கே இருந்தது. யாரோ, எதற்காகவோ, எப்போதோ போட்டது. வழக்கு அங்கேதான் ஆரம்பம்.

அதற்கு முன்னால், இந்த எச்சிலெல்லாம் எங்கே போய்க்கொண்டிருந்தது? நம் ஊரில் கொல்லைப்புறத்தில் கழுநீர்த் தொட்டி இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதில் சேர்ந்து மாட்டுக்குப் போகும். அமெரிக்காவில் மாட்டின் இடத்தில் பன்றி. ஊர் ஊராகச் சமையலறைக் கழிவைத் தனியே சேகரித்துப் பன்றிப் பண்ணைக்கு அனுப்புவது அந்த நாட்டில் நெடுநாள் வழக்கம். முதல் உலக யுத்தத்தின்போது, இப்படிச் செய்யுங்கள் என்று அரசாங்கமே ஊக்கியது. நான் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு அதிக தூரமில்லாத ஸிகாகஸ் என்ற ஊர், நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. நியூயார்க் ஹோட்டல்களின் மிச்சத்தைத் தின்று கொழுத்த பன்றிகளுக்கும், அவற்றின் நாற்றத்துக்கும் அது பேர் போனதாக இருந்தது. அங்கே பன்றிப் பண்ணை வைத்திருந்த ஹென்றி கிரஜேவ்ஸ்கி என்பவர், ஏழைகளின் கட்சி என்று ஒரு கட்சி கண்டு, 1952-இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கே நின்றார். ஜெயித்தவர் ஐஸனோவர் என்பது உலகம் அறிந்தது.

அதே 1952-இல்தான் பன்றிகளுக்குப் பெரிய ஆபத்து வந்தது. கலிபோர்னியாவில் இருபது வருஷமாக ஒரு நோய் இருந்துகொண்டிருந்தது. பன்றியின் மூக்கிலும் குளம்பிலும் கொப்புளம் போடும். பார்வைக்குக் கோமாரி போலவே இருக்கும். 1932-இல் முதல் முதலாகக் கண்டபோதே, சமைக்காத எச்சில் கழிவு தின்ற பன்றிகளிடம்தான் கண்டார்கள். மலைகளைத் தாண்டி அது வெளியே வரவில்லை. 1952-இல் வந்தது. எப்படி? கலிபோர்னியாவிலிருந்து வந்த நெடுந்தூர ரயிலின் சாப்பாட்டு வண்டிக் கழிவை வயோமிங்கில் செயென் நகரத்துப் பன்றிகளுக்குப் போட்டார்கள். அந்தப் பன்றிகளில் சில நெப்ராஸ்காவுக்கு விற்பனைக்குப் போயின. அப்புறம் நோய் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. கழிவைக் கொதிக்க வைத்துத்தான் பன்றிக்குப் போடலாம் என்று மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்தது. 1959-இல் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 1972-இல் இன்னொரு வேடிக்கை. ஏறக்குறைய அதே கிருமியைக் கலிபோர்னியாக் கடலில் ஸான் மிகுவெல் தீவின் கடற்சிங்கங்களிடம் கண்டுபிடித்தார்கள். கடலிலிருந்து எச்சில் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து பன்றிக்குப் போயிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறார்கள். எச்சில் எத்தனை தூரம் பிரயாணம் செய்கிறது பாருங்கள்!

கழிவை வேகவைக்க விறகும் கொப்பரையும் வேண்டும். கூலி வேண்டும். பன்றிக்காரருக்குக் கட்டவில்லை. ஊராட்சிகள் கையைப் பிசைந்தன. தெருவில் வைத்த தகரப் பீப்பாய்களில் ஈ மொய்த்தது, எலி வந்தது. அந்தக் காலத்தில் இளம்பிள்ளைவாதத்துக்கு ஈயும் ஒரு காரணமோ என்ற பயம் தாய்மார்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில், 'பீப்பாயே வேண்டாம், பன்றியே வேண்டாம், சுவிட்சைத் தட்டினால் போதும்' என்று ஒருவன் வந்து சொன்னால் யார்தான் மயங்க மாட்டார்கள்? ஹாம்மஸ் மட்டும் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் 1935 முதலே 'டிஸ்போஸால்' என்று ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது.

மயங்கிய ஊர்களில் முதலிடம் இந்தியானா மாநிலத்தில் உள்ள ஜாஸ்பருக்கு. மரச் சாமான் தொழிற்சாலைகள் நிறைந்த சின்ன ஊர். 1950-இல் அந்த ஊர் ஒரு காரியம் செய்தது. இனிமேல் வீட்டு எச்சில் கழிவை ஊர் சேகரிக்காது, வீட்டுக்கு வீடு அரைக்கும் யந்திரம் வைத்துக்கொள்ள வேண்டியது என்று தீர்மானித்தார்கள். ஊர் பூராவும் ஒரே சமயத்தில் இந்த யந்திரத்துக்கு மாறியது அதுவே முதல் தடவை. இதில் என் மனசைக் கவர்ந்த விஷயம் வேறு. அந்த ஊர் அப்போதுதான் சாக்கடை நீரைச் சுத்தம் செய்வதற்குப் புதிதாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அதாவது, எதைத் தொட்டிக்குள் போடுவது என்பதையும், போட்டது எங்கே போய்ச் சேருவது என்பதையும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து யோசித்த ஊர் அது. பிற்பாடு யந்திரம் வாங்கிய லட்சக்கணக்கான குடும்பங்களில் எத்தனை பேர் இரண்டாவது பாதியை யோசித்தார்கள்?

நியூயார்க் யோசித்தது. யோசித்துக் கூடாது என்று சொல்லிவிட்டது. 1970-களில் தொடங்கி 1997 வரை, அந்த மகா நகரத்தின் பெரும்பகுதியில் வீட்டில் இந்த யந்திரம் வைக்கக் கூடாது. ஆற்றுக்கு இந்தக் கரையில் நியூஜெர்ஸிக்காரர் சுவிட்சைத் தட்டி அரைத்துக்கொண்டிருக்க, எதிர்க்கரையில் கோடீஸ்வரன் வீட்டுச் சமையற்காரிகூட எச்சிலைப் பையில் கட்டிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த நகரத்துக்கு ஏன் இந்தப் பயம்? அங்கே பூமிக்கடியில் ஓடும் சாக்கடைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கு, மழைத் தண்ணீருக்கும் வீட்டுக் கழிவுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே குழாய். பழைய நாள் ஏற்பாடு. வெயில் காலத்தில் கழிவு மட்டும் நிதானமாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழை கொட்டினால் குழாய் தாங்காது. உபரி நேரே ஆற்றில் விழும்படி மதகு வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயில் எண்பது லட்சம் பேரின் காய்கறித் தோலும் மீன் எலும்பும் சேர்ந்தால், பழைய குழாயின் அடியில் படியுமா, மழை நாளில் துறைமுகத்தில் மிதக்குமா என்பது அதிகாரிகளின் கவலை. நியாயமான கவலைதான். கடைசியில், மூன்று பகுதிகளில் சில அடுக்கு மாடி வீடுகளில் மட்டும் யந்திரத்தை வைத்து, இருபத்தொரு மாதம் சோதனை பார்த்தார்கள். பயந்தபடி குழாய்கள் அடைத்துக்கொள்ளவில்லை. 1997-இல் மேயர் ஜூலியானி கையெழுத்துப் போட்டுத் தடையை நீக்கினார். ஒரு நகரம் தன் குழாயை நம்புவதற்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை ஆயிற்று.

குழாயில் எது போகலாம், எது போகக் கூடாது என்ற தகராறு நியூயார்க்கில் பிறந்ததல்ல. 1878-இல் அமெரிக்காவின் தெற்கே மெம்பிஸ் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஐயாயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. சாக்கடையிலிருந்து வரும் விஷ வாயுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று கர்னல் ஜார்ஜ் வேரிங் என்ற எஞ்சினீயர் தீர்மானமாக நம்பினார். மழைத் தண்ணீரைக் கலக்கவே கூடாது, வீட்டுக் கழிவுக்கென்று தனிக் குழாய் வேண்டும் என்று வாதாடி, 1880-இல் மெம்பிஸில் போட்டும் காட்டினார். காய்ச்சலுக்குக் காரணம் வாயு அல்ல, கொசு என்று 1900-இல் வால்டர் ரீட் குழுவினர் நிரூபித்துவிட்டார்கள். காரணம் தப்பு, ஆனால் தனிக் குழாய் என்ற காரியம் சரியான காரியம். இன்றும் புது ஊர்களில் அப்படித்தான் போடுகிறார்கள். ஒரே ஒரு குறை. சிக்கனத்துக்காக வேரிங் ஆறு அங்குலக் குழாய் போட்டார். மெம்பிஸில் அவை அடிக்கடி அடைத்துக்கொண்டன.

சாக்கடையைப் பற்றி எழுதும்போது நாவலாசிரியன் ஒருவன் விக்டர் ஹ்யூகோவை விட்டுவிட்டால் தொழில் துரோகம். 1862-இல் வெளிவந்த 'லே மிஸராப்ல்' நாவலில், கதாநாயகன் காயம்பட்ட வாலிபனைத் தோளில் போட்டுக்கொண்டு பாரிஸ் சாக்கடைக்குள் இறங்கும் கட்டத்தில், கதையை நடுவில் நிறுத்திவிட்டு, சாக்கடையின் சரித்திரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். பாரிஸ் வருஷந்தோறும் இரண்டரைக் கோடி பிராங்கைக் கடலில் கொட்டுகிறது என்று கணக்குப் போடுகிறார். நிலத்துக்கு உரமாக வேண்டியதை ஆற்றில் விடுகிறார்களே என்பது அவருடைய வயிற்றெரிச்சல். சிறு வயதில் அந்தப் பக்கங்களை நான் புரட்டித் தள்ளியிருக்கிறேன். அன்று இரவு, மகள் வீட்டுச் சாம்பார் வாசனைக்கு நடுவே, அவர் சொன்னதில் பாதியாவது நியாயம் என்று பட்டது.

காலையில் நான் எழுந்து வந்தபோது, மாப்பிள்ளை தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, டார்ச் விளக்கோடு தரையில் மல்லாந்து கிடந்தார். என் மனைவி கைகளைப் பிசைந்துகொண்டு வாசற்படியில் நின்றாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லை, மாமா" என்றார் மாப்பிள்ளை. "மெஷின் சிக்கியிருந்தா ஹூம்னு முனகும், சுத்தாது. அடியில இருக்கிற ஓட்டையில சாவியைப் போட்டு முன்னும் பின்னும் திருப்பணும். இல்லேன்னா சூடாகித் தானா நின்னிருக்கும்; இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கினா போதும். இது நல்லாச் சுத்துது. தண்ணிதான் போகலை. அதுவும் பக்கத்துத் தொட்டியில வந்து ஏறுதுன்னா, ரெண்டு குழாயும் சேர்ற இடத்துக்கு அந்தப் பக்கம் அடைப்பு."

என் மனைவி இதைக் கேட்டாளே தவிர நம்பவில்லை. மாமியார் மனம் நோகக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்வதாக எண்ணினாள்.

முதலில் ஒரு தொட்டியின் வாயை ஈரத் துணியால் இறுக அடைத்துக்கொண்டு நான் நிற்க, இன்னொன்றில் ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலால் மாப்பிள்ளை மேலும் கீழுமாகக் குத்தினார். துணியை ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். பிடிக்காவிட்டால் இந்தத் தொட்டியில் குத்தும் காற்று அந்தத் தொட்டி வழியாக வெளியேறிவிடுமாம், அடைப்பைத் தள்ளாதாம். பத்து நிமிஷம் குத்தினோம். என் சட்டை நனைந்ததுதான் மிச்சம். அடைப்பைக் கரைக்கும் திராவகம் கடையில் விற்கிறதே என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அது கரைக்காமல் அங்கேயே தேங்கிவிட்டால், அப்புறம் குழாயைக் கழற்றுகிறவன் முகத்தில்தான் கொட்டும். கழற்றப் போகிறவர் அவர்தானே!

மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டு, அடியில் ஒரு வாளியை வைத்தார். தொட்டிக் குழாய் சுவருக்குள் போவதற்கு முன்னால் கீழே இறங்கி, வளைந்து, மறுபடி மேலே ஏறுகிறது. 'டிராப்' என்பார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் அந்தத் தண்ணீர்தான் கதவு மாதிரி காக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் கம்மிங் 1775-இல் கழிவறைக்குக் குழாயை இப்படி வளைத்துக் காப்புரிமை வாங்கினார். இருநூற்றைம்பது வருஷமாக அந்த யோசனையைவிடச் சிறந்தது ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாயுவைத் தடுக்கிற அதே வளைவு சாதத்தையும் தடுக்கிறது என்பதற்கு அந்தக் கடிகாரக்காரர் என்ன செய்வார்? அவர் காலத்தில் யாரும் சாதத்தை அரைத்து அதில் விடவில்லை.

வளைவைக் கழற்றினதும் 'தொபுக்' என்று வாளியில் விழுந்தது, களி மாதிரி ஒன்று. சாதமும் உருளைக்கிழங்கும் தண்ணீரில் ஊறி உப்பிக் கட்டிப் பசையாகிவிட்டன. அதற்கு அப்பால், சுவருக்குள் போகிற குழாயின் வாயில், முருங்கை நார் முறுக்கிக்கொண்டு பந்தாகச் சுருண்டிருந்தது. யந்திரத்தின் பற்கள் சதையைப் பொடியாக்கும், நாரை ஒன்றும் செய்யாது. வாழைப்பூ நார், வெங்காயச் சருகு, சோள மட்டை எல்லாம் இந்த ஜாதிதான்.

"பாத்தீங்களா, நான்தான்" என்றாள் என் மனைவி.

"இருங்க அத்தை" என்று மாப்பிள்ளை ஒரு கரண்டிக் காம்பால் குழாயின் உள்பக்கத்தைச் சுரண்டினார். வெள்ளையாக, மெழுகு மாதிரி, விரல் கனத்துக்கு ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. உள்ளே தண்ணீர் போக மிச்சமிருந்த வழி ஒரு ரூபாய் நாணயம் அளவு. அது சாதமுமில்லை, முருங்கையுமில்லை. கொழுப்பு. வாணலி எண்ணெயும் நெய்யும் வெண்ணெயும் சுடு தண்ணீரோடு உருகிப் போய், குளிர்ந்த குழாயில் உறைந்து, அடுக்கடுக்காகப் படிந்தவை. ஒரு நாள் வேலையல்ல. எத்தனையோ மாதச் சேர்மானம். என் மனைவி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்துப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

மகள் அந்தப் பொருக்கைப் பார்த்தாள். பிறகு அடுப்பு மேடையில் இருந்த வாணலியைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

சுடு தண்ணீர் விட்டால் எண்ணெய் போய்விடும் என்று உலகம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணை விட்டுப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போய் ஆறினதும் ஒட்டிக்கொள்கிறது. அதனாலேதான் அரைக்கும்போது பச்சைத் தண்ணீரைத் தாராளமாக விடு என்கிறார்கள். கொழுப்பு கெட்டியாக இருந்தால் துண்டு துண்டாகப் போய்விடும். வாணலி எண்ணெயை முதலிலேயே காகிதத்தால் துடைத்தெறிவது அதைவிட உத்தமம். 2017-இல் லண்டனில் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடைக்குள், வீடுகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வந்த கொழுப்பும், கழிவறையில் போட்ட ஈரத் துணிகளும் சேர்ந்து இறுகி, 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் எடையில் ஒரு பாறையாக நின்றது. வாரக்கணக்கில் ஆட்கள் இறங்கி உடைத்தார்கள். அதில் ஒரு துண்டை மறு வருஷம் லண்டன் மியூஸியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். கொட்டினவர்கள் வரிசையில் நின்று பார்த்திருப்பார்கள்.

ஹ்யூகோவின் வயிற்றெரிச்சலுக்கும் இப்போது கொஞ்சம் மருந்து கிடைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். நியூயார்க்கில் புரூக்ளின் பக்கம், நியூடவுன் கிரீக் சுத்திகரிப்பு நிலையத்தில், ராட்சத முட்டை வடிவத்தில் எட்டுக் கொப்பரைகள் வானத்தில் பளபளக்கின்றன. கழிவு அவற்றுக்குள் காற்றில்லாமல் புளித்து, எரியக்கூடிய வாயுவைக் கக்குகிறது. சமையலறைக் கழிவையும் தனியே கூழாக்கி லாரியில் கொண்டுவந்து அவற்றில் விட்டு, வாயுவைப் பெருக்கியிருக்கிறார்கள். சமையலறை எச்சில் குழாயில் வரக் கூடாது என்று தடுத்த நகரத்தில், அதே எச்சிலுக்கு இப்போது வரவேற்பு. மழையில் நிரம்பி வழியும் அந்தப் பழைய குழாய்கள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

குழாயைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, இரண்டு தொட்டியிலும் சுழித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்த பிறகுதான் என் மனைவி காபி குடித்தாள். மத்தியானம் மாப்பிள்ளைக்குப் பிடிக்குமென்று வடை தட்டினாள். மிஞ்சின எண்ணெயை மகள் தானே ஒரு காலி டப்பாவில் ஊற்றி மூடி வைத்தாள்.

சாயந்திரம் பார்த்தால் தொட்டியின் பக்கத்தில் ஒரு பழைய அடுக்கு. அதில் காய்கறித் தோலும் முருங்கைச் சக்கையும்.

"இது எந்த மாட்டுக்கு?" என்று கேட்டேன்.

"ரோஜாச் செடிக்கு" என்றாள். கொல்லையில் ஒரு மூலையில் குழி தோண்டிக் கொட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தாள்.

அன்று இரவே ரக்கூன் என்கிற பிராணி வந்து, அந்தக் குழியைத் தோண்டி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டது. முருங்கைச் சக்கையை மட்டும் அதுவும் தொடவில்லை.